அதிகம் கேள்விப்படாத இத்தாலியத் திராட்சைகளின் ஒயினை எப்படிச் சுவைத்துப் பழகுவது?

கியாந்தி, பரோலோ, ப்ரோசெக்கோ எல்லாம் குடித்துப் பார்த்தாயிற்று, இனி வெளியே பெயர் தெரியாத இத்தாலியின் சொந்தத் திராட்சைகளின் ஒயின்களை நண்பர்களோடு உட்கார்ந்து சுவைக்க விரும்புகிறேன் என்கிறீர்கள். எதில் தொடங்கலாம், எதைக் கவனிக்க வேண்டும், இவை உண்மையிலேயே நல்ல ஒயின்களா, இல்லை அபூர்வம் என்பதற்காகத்தான் புகழ்கிறார்களா என்பவை உங்கள் கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு விதமும் உண்டு. மறைந்துபோன திராட்சை ஒவ்வொன்றும் புதையல் கிடையாது. சிலவற்றை நம் முன்னோர் கைவிட்டது சரிதான் என்று ஒரு வாய் குடித்ததுமே தெரிந்துவிடும். ஆனால் வேறு சில, உலகத்தின் எந்த நல்ல ஒயினுக்குப் பக்கத்தில் வைத்தாலும் தலை நிமிர்ந்து நிற்கும். எது எந்த ரகம் என்று கண்டுபிடிப்பதில்தான் சுவாரஸ்யமே இருக்கிறது.

இத்தாலியின் பதிவேட்டில் 500க்கும் மேற்பட்ட ஒயின் திராட்சை வகைகள் இருக்கின்றன. பெயர்களை எண்ணிக்கொண்டு ஓடினால் வாய்க்கு எதுவும் பதியாது. அதனால் எண்ணிக்கையை மறந்துவிட்டு ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டிலைத் திறக்கும் முன், அந்தத் திராட்சையை விவசாயிகள் ஏன் கைவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். மகசூல் குறைவா, நிறம் வெளிறியதா, புளிப்பு அதிகமா, தோல் மெல்லியதா, பூ நிற்கவில்லையா? அந்தக் காரணம் பெரும்பாலும் கிளாஸுக்குள்ளேயே இருக்கும். அதைத் தேடிச் சுவைத்தால் ஒயின் உங்களுக்குப் புரியத் தொடங்கும். "செர்ரி வாசனை, பிளம் வாசனை" என்று பட்டியல் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கைவிட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபிலாக்செரா என்ற வேர்ப்பூச்சி 1879ல் இத்தாலியில், லோம்பார்தியில் கண்டறியப்பட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நாடு முழுவதும் கொடிகளைப் பிடுங்கிவிட்டு, அமெரிக்கக் கொடியின் வேர்மேல் ஒட்டுக்கட்டிப் புதிதாக நட வேண்டியதாயிற்று. கைக்காசு போட்டு நடும்போது யாராக இருந்தாலும் நிச்சயமாகக் காய்ப்பதைத்தான் நடுவார்கள். பார்பேரா, கொர்த்தேஸே, ட்ரெபியானோ மாதிரி வகைகள் பரவியது இப்படித்தான். அப்புறம் இரண்டு போர்கள், கிராமத்தை விட்டு ஆலை வேலைக்குப் போன இளைஞர்கள். அதற்கும் பிறகு, எந்தப் பகுதியில் எந்தத் திராட்சை நடலாம் என்று அனுமதிப் பட்டியல் போட்ட சட்டம். பட்டியலில் விட்டுப்போன திராட்சையை நடுவதே குற்றமாகிவிட்டது.

இனி சுவைப்பதற்கு வருவோம். ஒரு மாலைக்கு ஆறு பாட்டில் போதும். 750 மி.லி. பாட்டிலை எட்டுப் பேருக்கு 60 மி.லி. வீதம் ஊற்றினாலும் மூன்றில் ஒரு பங்கு மீதி இருக்கும். அந்த மீதி மறுநாளுக்கு வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன். கொஞ்சம் குவிந்த வாய் உள்ள சாதாரண கிளாஸ் போதும், வகைக்கு ஒரு கிளாஸ் என்பதெல்லாம் தேவையில்லை. அறையில் ஊதுபத்தி, மல்லிகை, அத்தர் எதுவும் வேண்டாம். நான் சொல்லப்போகிறவற்றில் பாதி, மணத்தை வைத்துப் பிழைக்கிற ஒயின்கள். துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்துவிடுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, ஆறாவது பாட்டிலை முதல் பாட்டில் மாதிரிச் சுவைக்க வேறு வழி கிடையாது.

குளிர்ச்சி விஷயத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் ஆட்டம் தோற்கிறது. வெள்ளை ஒயினை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றுகிறார்கள், சிவப்பை அறைச் சூட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இரண்டும் தவறு. நல்ல வெள்ளையை 12 டிகிரி வரை ஏற விடுங்கள், மெல்லிய சிவப்பை 14, 15 டிகிரிக்கு இறக்குங்கள். கோடைக்கால வீட்டில் எந்தச் சிவப்பையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பது நல்லது.

வெள்ளையில் தொடங்குவதாக இருந்தால் டிமோராஸ்ஸோவில் தொடங்குங்கள். வடமேற்கு இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில், அதன் தென்கிழக்கு மூலையில், டொர்டோனா நகரைச் சுற்றியுள்ள குன்றுகளில் விளைவது. ஒரு காலத்தில் அந்தக் குன்றுகளில் பரவலாக இருந்த கொடி இது. ஃபிலாக்செராவுக்குப் பிறகு இடத்தை கொர்த்தேஸேவிடம் இழந்தது. காரணம் எளிமையானது. டிமோராஸ்ஸோ வருடத்துக்கு வருடம் சீராகக் காய்க்காது, மணிகள் உதிரும், ஒரே குலையில் பாதி பழுத்தும் பாதி பழுக்காமலும் நிற்கும். 1980களில் எஞ்சியது சில ஹெக்டேர் மட்டும். மொன்லேயாலே என்ற கிராமத்து விவசாயி வால்டர் மாஸ்ஸா 1987 அறுவடையில் அதைத் தனியாக ஒயினாக்கிப் பார்த்தார். பக்கத்துத் தோட்டக்காரர்கள் பிறகுதான் பின்தொடர்ந்தார்கள். இன்று நூற்றுக்கணக்கான ஹெக்டேர் ஆகிவிட்டது. பரோலோவில் பெயர் பெற்ற வியெத்தி, போர்கொஞ்ஞோ போன்ற நிறுவனங்களே அங்கே வந்து நிலம் பிடித்திருக்கின்றன. பாட்டிலில் பெரும்பாலும் டெர்தோனா என்று போட்டிருக்கும். டொர்டோனாவின் ரோமானியர் காலத்துப் பெயர் அது.

இதைச் சுவைக்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது கனம். வெள்ளை ஒயின் என்றால் தண்ணீர் மாதிரி இறங்கும் என்று நினைத்திருப்பவர்களுக்கு இது அதிர்ச்சி. நாக்கில் எண்ணெய்ப் பதம் போல ஒரு தடிப்பு இருக்கும், ஆனால் அந்தத் தடிப்பைப் புளிப்பு விடாமல் இழுத்துப் பிடிக்கும். இரண்டாவது, வயது. புதிய டிமோராஸ்ஸோவில் பேரிக்காய், தேன், ஈரக் கல் மணம் என்று அடக்கமாக இருக்கும். நான்கைந்து வருடம் பாட்டிலில் கிடந்தால் மண்ணெண்ணெய் சாயலில் ஒரு மணம் எழும். ஜெர்மனியின் ரீஸ்லிங் ஒயினில் வயதாகும்போது வருகிற அதே மணம்தான், டிடிஎன் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சேர்மம் அதற்குக் காரணம். முதல் முறை முகர்பவர்கள் ஒயின் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். கெடவில்லை. முடிந்தால் ஒரு இளைய பாட்டிலும் ஐந்து வயது தாண்டிய ஒரு பாட்டிலும் வாங்கி அருகருகே வையுங்கள். ஆறு பாட்டிலில் இரண்டை இதற்கே செலவழித்தாலும் நஷ்டமில்லை என்பது என் கருத்து.

மற்ற வெள்ளைகளில் வேகமாக மூன்றைச் சொல்லிவிடுகிறேன். மோன் பிளாங்க் மலையடிவாரத்தில், மோர்ஜே, லா சால் கிராமங்களில் 1,200 மீட்டர் உயரம் வரை ப்ரியே பிளாங்க் விளைகிறது. அந்தக் குளிரில் ஃபிலாக்செரா பிழைக்க முடியாததால் கொடிகள் இன்னமும் ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன. ஒயின் மிக மெல்லியது, மலைப்புல் மணமும் எலுமிச்சைப் புளிப்பும்தான் அதன் முழு உடைமை. கனமான ஒன்றுக்குப் பிறகு குடித்தால் எதுவுமே தெரியாது, அதனால் இதை வரிசையில் முதலில் வையுங்கள். மார்க்கேயின் பெகோரீனோவை 1980களில் மலைக் கிராமமான அர்குவாதா தெல் த்ரோந்தோவில் மிச்சமிருந்த கொடிகளிலிருந்து எடுத்து வந்து மீட்டவர் குயிதோ கொச்சி கிரிஃபோனி. அங்கும் பழைய கதைதான், குறைவாகக் காய்க்கிறது என்று ட்ரெபியானோவுக்காக விட்டுவிட்டிருந்தார்கள். மணி சீக்கிரம் பழுக்கும், சர்க்கரையும் ஏறும், ஆனால் புளிப்பும் குறையாது. 14 சதவீதம் ஆல்கஹால் இருந்தும் வாய் வறளாமல் எச்சில் ஊறுவது அதனால்தான். பாலாடைக்கட்டிக்கும் இதே பெயர் உண்டு, கடையில் கேட்கும்போது குழம்ப வேண்டாம்.

மூன்றாவது அஸ்ப்ரீனியோ. நேப்பிள்ஸுக்கு வடக்கே அவெர்ஸாவில் இதன் கொடிகளைப் பாப்லர் மரங்களின்மேல் ஏற்றிவிடுவார்கள். 15 மீட்டர் உயரம் வரை இரண்டு மரங்களுக்கு நடுவே பச்சைச் சுவர் மாதிரி படர்ந்து தொங்கும். அறுவடைக்காரர் ஒடுங்கிய நீள ஏணியில் ஏறி, உச்சியில் நின்றபடியே குலையை அறுத்துக் கூடையில் இறக்க வேண்டும். இந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல்தான் மரமேறிய தோட்டங்கள் அருகின. ஒயினில் புளிப்பு பல்லைக் கூசவைக்கும். நுரைக்கும் வகையாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள், அந்தப் புளிப்புக்கு நுரைதான் பொருத்தமான வீடு. பொரித்த மீன், பொரித்த காய்கறி பக்கத்தில் இருந்தால் பாட்டில் காலியாவது தெரியாது.

சிவப்புக்கு வரும்போது முதலில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். நிறம் அடர்ந்திருந்தால் நல்ல ஒயின், வெளிறியிருந்தால் மட்டம் என்று மனம் தானாகத் தீர்ப்பு எழுதிவிடும். இத்தாலியின் பல சொந்தச் சிவப்புகள் இந்தத் தீர்ப்பால் செத்தவை. தென்கோடியில் கலாப்ரியாவின் சிரோ ஊரில் விளையும் கல்யோப்போ ஓர் உதாரணம். மரபணுச் சோதனையில், கியாந்தி ஒயினின் திராட்சையான சான்ஜொவேஸேயின் பிள்ளை என்று தெரியவந்த இந்தத் திராட்சை செங்கல் நிறத்தில் வெளிறித்தான் இருக்கும், துவர்ப்போ பலமானது. அதற்கு நிறம் கூட்டுவதற்காக வெளிநாட்டுத் திராட்சைகளைக் கலக்கலாம் என்று விதியைத் தளர்த்தியபோது, அந்த ஊரின் சிறு தயாரிப்பாளர்கள் பலர் எதிர்த்தார்கள். கலக்காமல் செய்பவர்களின் பாட்டிலைத் தேடி வாங்குங்கள்.

கிரின்யோலீனோ இன்னும் குறும்புக்காரத் திராட்சை. பீட்மாண்ட்டின் ஆஸ்தி, மொன்ஃபெர்ராத்தோ குன்றுகளில் விளைகிறது. கிளாஸில் பார்த்தால் ரோஸே என்றுதான் சொல்வீர்கள். ஒரு வாய் குடித்தால் பாக்கு மென்ற மாதிரி ஈறு இறுகும். மணிக்குள் விதை அதிகம், துவர்ப்பு அதிலிருந்து இறங்குகிறது. நிறத்துக்கும் வாயில் நடப்பதற்கும் இவ்வளவு தூரம் உள்ள ஒயின் வேறு எதுவும் எனக்குத் தெரியாது. நண்பர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்துவிட்டு நிறத்தை ஊகிக்கட்டும், மாலை களைகட்டும். எல்லோருக்கும் பிடிக்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். சலாமி மாதிரி கொழுப்புள்ள இறைச்சி தொட்டுக்கொள்ள இருந்தால்தான் இந்தத் துவர்ப்புக்கு வேலை கிடைக்கும்.

மிளகுக்கு வருகிறேன், இந்தப் பதிலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வடகிழக்கு இத்தாலியின் ஃப்ரியூலி பகுதியில், ஸ்லோவீனியாவை ஒட்டிய கிழக்கு எல்லையில் இருக்கும் ப்ரெபோத்தோ கிராமத்தின் திராட்சை ஸ்கியோப்பெட்டீனோ. 1970களில் அது அழிவின் விளிம்பில் இருந்தது. அனுமதிப் பட்டியலிலும் இல்லை என்பதால் நட்டால் சட்ட விரோதம். பாவ்லோ ரப்புத்ஸியும் அவர் மனைவி தீனாவும் சுற்றுவட்டாரத்தில் எஞ்சியிருந்த கொடிகளைத் தேடி எடுத்துத் தங்கள் ரோங்கி தி சால்லா தோட்டத்தில் நட்டார்கள். அதே சமயம் பக்கத்திலேயே பெர்கோத்தோவில் கிராப்பா என்ற திராட்சைச் சக்கைச் சாராயம் காய்ச்சும் நொனீனோ குடும்பம், பிக்கோலிட் என்ற ஒரே திராட்சையின் சக்கையிலிருந்து 1973ல் தனி கிராப்பா வடித்திருந்தது. மற்ற உள்ளூர்த் திராட்சைகளுக்கும் அதைச் செய்யலாம் என்று பார்த்தால் திராட்சையே இல்லை. அதனால் 1975 நவம்பரில் அவர்கள் ஒரு பரிசை ஏற்படுத்தினார்கள். ஸ்கியோப்பெட்டீனோ, பின்யோலோ, டாட்ஸெலெங்கே ஆகியவற்றைக் காப்பாற்றி நடுபவர்களுக்கான பரிசு. 1976ல் அது ரப்புத்ஸிக்குப் போனது. பரிசோடு சேர்ந்து எழுந்த கூச்சலில் அதிகாரிகளும் இறங்கி வந்தார்கள், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நடவுக்கு அனுமதி கிடைத்தது. விதியை மீறித் தோட்டம் போட்டவரால் சட்டம் மாறிய கதை ஒயின் உலகில் அடிக்கடி நடப்பதில்லை.

ஸ்கியோப்பெட்டீனோவை முகர்ந்தால் கருமிளகு வரும். இது சுவைப்பவர்களின் கற்பனை கிடையாது. ரோட்டண்டோன் என்ற சேர்மத்தை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008ல் ஷிராஸ் ஒயினில் கண்டறிந்தார்கள். நம் அஞ்சறைப் பெட்டி மிளகில் இருப்பதும் அதேதான். பிறகு இத்தாலிய ஆய்வாளர்கள் ஸ்கியோப்பெட்டீனோவிலும், வடக்கு பீட்மாண்ட்டின் வெஸ்போலீனாவிலும் அது நிறைய இருப்பதைக் காட்டினார்கள். திராட்சைத் தோலில் தங்குகிற சேர்மம் இது, குளிர்ந்த வருடங்களில் அதிகம் சேரும். சுவாரஸ்யம் என்னவென்றால், ஐந்தில் ஒருவருக்கு இந்த மணம் தெரியவே தெரியாது. எட்டுப் பேர் உட்கார்ந்தால் ஒருவரோ இருவரோ "என்ன மிளகு? எனக்கு ஒன்றும் வரவில்லையே" என்பார்கள். அவர்களைக் கிண்டல் செய்யாதீர்கள், அவர்கள் மூக்கு அப்படி. நாலு மிளகைத் தட்டி ஒரு கிண்ணத்தில் வைத்து, ஒயினையும் மிளகையும் மாற்றி மாற்றி முகரச் சொல்லுங்கள். யாருக்குத் தெரிகிறது, யாருக்குத் தெரியவில்லை என்பது ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். வாயில் இந்த ஒயின் ஒல்லியானது, புளிப்பு நிமிர்ந்து நிற்கும், காட்டுப்பழச் சுவை பின்னால் வரும்.

மிளகைப் பிடித்துவிட்டவர்கள் அதே மணத்தை இன்னொரு இடத்திலும் தேடலாம். பரோலோ எல்லைக்குள்ளேயே இருக்கும் வெர்தூனோ கிராமத்தின் பெலவெர்காவில் வெண்மிளகும் ஸ்ட்ராபெரியும் கலந்து வரும். சுற்றிலும் பரோலோவின் திராட்சையான நெபியோலோ விற்கும் விலைக்கு அந்த மண்ணில் வேறு கொடி வைப்பவரை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். இருந்தும் கிராமம் விடவில்லை, 1995ல் அதற்கென்று தனி டிஓசி, அதாவது ஊர்ப் பெயரைக் காக்கும் அரசுத் தரச்சான்று, வாங்கிவிட்டது. நன்கு குளிர வைத்து மதியச் சாப்பாட்டோடு குடிக்க வேண்டிய ஒயின். இதை வைத்துத் தத்துவம் பேசுவது அநியாயம்.

அடுத்து மணக்கும் சிவப்புகள். ருக்கேயையும் லாக்ரிமாவையும் ஜோடியாகத்தான் வைக்க வேண்டும். இரண்டுமே கிளாஸிலிருந்து ரோஜா மணத்தை வீசுபவை, ஆனால் ஒன்று மொன்ஃபெர்ராத்தோவிலும் மற்றொன்று அட்ரியாடிக் கரையோர மார்க்கேயிலும் விளைவது. காஸ்தான்யோலே மொன்ஃபெர்ராத்தோவில் ருக்கேயை மீட்டவர் ஒரு பாதிரியார், தோன் ஜாகொமோ காவுதா. 1960களில் அந்தப் பங்குக்கு வந்தவர், தேவாலயத்துக்குச் சொந்தமான தோட்டத்தில் பழைய கொடிகளைப் பார்த்து, அவற்றை மட்டும் தனியே ஒயினாக்கினார். டிராக்டரில் ஏறித் தானே உழுத பாதிரியார் என்று ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். 1987ல் டிஓசி, 2010ல் அதற்கும் மேலான டிஓசிஜி கிடைத்தன. வாயில் ருக்கே இளஞ்சூடாகவும் மென்மையாகவும் பரவும். புளிப்பு குறைவு, ஆல்கஹால் 14ஐத் தாண்டுவது சாதாரணம், முடிவில் கொஞ்சம் மசாலாக் கசப்பு. சூடான கிளாஸில் ஆல்கஹால் மூக்கில் ஏறிவிடும், 16 டிகிரிக்கு மேல் போக விடாதீர்கள்.

லாக்ரிமா வேறு குணம். தோல் மிக மெல்லியது. பழுக்கும்போது மணி வெடித்துச் சாறு கசியும், மழை பெய்தால் அழுகல் பிடிக்கும். விவசாயி வெறுத்ததற்கு அதுவே போதும். 1985ல் டிஓசி கிடைத்தபோது கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. நிறம் ஆழ்ந்த ஊதா, மணம் வயலட் பூவும் ரோஜாவும், துவர்ப்பு லேசு. வாங்கிய வருடமோ அடுத்த வருடமோ குடித்துவிட வேண்டும், வைத்திருந்தால் மணம் போய்விடும். லேபிளில் மொர்ரோ த'ஆல்பா என்று இருக்கும். அதற்கும் பீட்மாண்ட்டின் ஆல்பாவுக்கும் தொடர்பு இல்லை, வெசுவியஸ் மலையின் லாக்ரிமா கிரிஸ்தி என்ற ஒயினுக்கும் தொடர்பு இல்லை. இரண்டில் எனக்கு ருக்கே ஒரு கிளாஸுக்கு மேல் அலுக்கிறது, லாக்ரிமா அலுப்பதில்லை. உங்களுக்கு மாறியும் தோன்றலாம்.

லாம்ப்ருஸ்கோவை இங்கே எதற்கு இழுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் பெயரில் உலகம் அறிந்தது மலிவான இனிப்புப் பாட்டில். மோதெனாவின் சோர்பாரா வேறு விஷயம். அதன் பூக்களில் பெண் பாகம் மட்டுமே வேலை செய்யும், மகரந்தம் பலிக்காது. பக்கத்து வரிசையில் சலமீனோ என்ற இன்னொரு லாம்ப்ருஸ்கோவை நட்டால்தான் காய்ப்பே. அப்போதும் பல மணிகள் உதிர்ந்து குலை பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும். மணி குறைவதால் இருப்பவற்றில் சாரம் கூடும், புளிப்பும் தங்கும். பாட்டிலுக்குள்ளேயே மறு நொதிப்பு நடந்த, கொஞ்சம் கலங்கலான, இனிப்பில்லாத சோர்பாராவைக் கேட்டு வாங்குங்கள். வெளிறிய ரோஜா நிறம், காட்டு ஸ்ட்ராபெரி, உப்புக் கரிப்பு, கூர்மையான நுரை. இதை மாலையின் தொடக்கத்தில் வைக்கலாம், அல்லது பாதியில் நாக்கைக் கழுவ வைக்கலாம். நான் பாதியில் வைப்பேன்.

துவர்ப்பு மலைகளை இறுதியில் ஏறுங்கள். உம்ப்ரியாவின் மொந்தேஃபால்கோவில் விளையும் சாக்ராண்டீனோவில், இத்தாலியத் திராட்சைகளிலேயே மிக அதிகமான அளவுக்குத் துவர்ப்புச் சத்து இருக்கிறது. அந்தக் காலத்தில் அதை இனிப்பில்லாத ஒயினாகக் குடிக்க முடியாமல்தான், பழத்தை உலர்த்தி இனிப்பு ஒயினாக்கி ஈஸ்டர் ஆட்டுக்கறியோடு குடித்தார்கள். இனிப்பு இருந்தால் துவர்ப்பு அடங்கும் என்பது அவர்கள் கண்ட வழி. இனிப்பில்லாத வகை பரவலானது பின்னால்தான், 1992ல் டிஓசிஜி வந்தது. இனிப்பில்லாததை வாங்கினால் பத்து வருடமாவது ஆனதைத் தேடுங்கள், சுவைப்பதற்கு நாலு மணி நேரம் முன்பே குடுவையில் ஊற்றி வையுங்கள். இளைய பாட்டில் நாக்கைப் பூட்டிவிடும், அப்புறம் வேறு எதையும் சுவைக்க முடியாது. இனிப்பு வகை கிடைத்தால் பழைய ஆட்களின் யோசனை எவ்வளவு சரி என்று புரியும்.

ஃப்ரியூலியின் பின்யோலோவும் இதே குடும்ப குணம் உள்ளது. ரொசாத்ஸோ மடத்துத் தோட்டத்தில் கடைசியாக எஞ்சி நின்ற கொடிகளிலிருந்து மறுபடி பெருக்கப்பட்டது. பொறுமை உள்ளவர்களுக்கு நல்ல ஒயின். ஆனால் டாட்ஸெலெங்கே? புளிப்பும் துவர்ப்பும் ஒரே நேரத்தில் தாக்கும். நல்ல கையில் செய்ததும்கூட எனக்குக் கடினமாகவே இருக்கிறது. கைவிட்டது சரிதான் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அந்தப் பட்டியலில் இதைத்தான் முதலில் எழுதுவேன். ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

இனிப்புக்கு பிக்கோலிட் ஒன்றுதான் சொல்வேன். பூக்களில் பெரும்பாலானவை காயாகாமல் உதிர்ந்துவிடும், சில குலைகளில் பதினைந்து மணிகூட நிற்காது. 18ஆம் நூற்றாண்டில் ஃபாபியோ அஸ்குவீனி என்ற பிரபு இதைச் சிறிய முரானோ கண்ணாடி பாட்டில்களில் அடைத்து ஐரோப்பிய அரண்மனைகளுக்கு விற்றார். விலை இன்றும் அரண்மனை விலைதான். தேன், பாதாமிப்பழம், உலர்ந்த பூ என்று இனிப்பு மெல்லிசாக நிற்கும், பாகு மாதிரி ஒட்டாது. கையில் காசு இருந்தால் அரை பாட்டில் வாங்குங்கள், இல்லாவிட்டால் தவறவிட்டதாக வருந்த வேண்டாம்.

வாங்கும்போது சில சங்கதிகள். லேபிளில் திராட்சையின் பெயர் இருந்தால் ஐரோப்பிய விதிப்படி குறைந்தது 85 சதவீதம் அதுவாக இருக்க வேண்டும், மீதி வேறாக இருக்கலாம். முழுதும் ஒரே திராட்சையா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு திராட்சைகளும் உண்டு. வெர்நாச்சா என்பது சான் ஜிமிஞானோவில் ஒரு வெள்ளை, சார்டீனியாவின் ஒரிஸ்தானோவில் வேறொரு வெள்ளை, செர்ராபெத்ரோனாவில் நுரைக்கும் சிவப்பு. மறுபக்கம், லிகூரியாவின் பிகாத்தோவும் பீட்மாண்ட்டின் ஃபவோரீத்தாவும் மரபணுப்படி வெர்மெந்தீனோவேதான், மூன்றையும் வாங்கி மூன்று அபூர்வத் திராட்சை என்று எழுதி வைக்காதீர்கள். ஒரு தயாரிப்பாளர் ஒரே திராட்சையில் இரண்டு ஒயின் செய்தால், புதிய ஓக் பீப்பாயில் வைத்த விலையுயர்ந்ததை விட்டுவிட்டு எளிமையானதை எடுங்கள். ருக்கே, பெலவெர்கா, ஸ்கியோப்பெட்டீனோ போன்றவற்றின் மணத்தைப் புதிய மரத்தின் வனிலா வாசனை மூடிவிடும். அப்போது நீங்கள் சுவைப்பது பீப்பாயை.

ஆறு பாட்டிலுக்கு என் வரிசை இது: ப்ரியே பிளாங்க், இளைய டிமோராஸ்ஸோ, வயதான டிமோராஸ்ஸோ, சோர்பாரா, ஸ்கியோப்பெட்டீனோ, கிரின்யோலீனோ. ருக்கே, லாக்ரிமா ஜோடியையும் சாக்ராண்டீனோவையும் இன்னொரு மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறும் கிடைக்காவிட்டால் ஒரு டிமோராஸ்ஸோ, சோர்பாரா, ஸ்கியோப்பெட்டீனோ மூன்று போதும்.

குறிப்பு எழுதுவதாக இருந்தால் மதிப்பெண் போடாதீர்கள். 100க்கு 92 என்று எழுதினால் அடுத்த மாதம் அதைப் படித்து எதையும் நினைவுகூர முடியாது. புளிப்பு எங்கே தெரிந்தது, துவர்ப்பு ஈறிலா நாக்கிலா, மணம் பத்து நிமிடத்தில் மாறியதா, சாப்பாட்டோடு நன்றாக இருந்ததா தனியாகவா என்று நாலு வரி எழுதுங்கள்.

மீதி ஒயினை மறுநாளுக்கு வைக்கச் சொன்னேன் அல்லவா? மூடியை இறுக்கி, சிவப்பு உட்பட எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் வைத்து, அடுத்த மாலை கொஞ்சம் வெளியே எடுத்து வைத்துவிட்டு மறுபடி குடித்துப் பாருங்கள். சோர்பாராவின் நுரை போயிருக்கும், அதை எதிர்பார்க்க வேண்டாம். ப்ரியே பிளாங்க் சோர்ந்திருக்கும். டிமோராஸ்ஸோ பெரும்பாலும் முதல் நாளைவிட நன்றாகத் திறந்திருக்கும், கிரின்யோலீனோவின் துவர்ப்பு ஒரு படி இறங்கியிருக்கும். முதல் நாள் கிரின்யோலீனோவை ஒதுக்கியவர்களுக்கு அந்த இரண்டாம் நாள் கிளாஸைக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.